முழங்கால் உயரம்

அருளம்பலத்தாருக்குத் தன் மனைவி பூரணியின் மேல் எரிச்சல் பிடித்தது ஒரு கதிரையால். உப்புவெளியில் கடலைப் பார்த்தபடி நிற்கும் கலீலுர் றஹ்மான் முதலாளியின் விடுதியில், விருந்தாளிகள் சாய்ந்திருப்பதற்கென்று விறாந்தையில் போட்டிருந்த பிரம்புக் கதிரை அது. அந்த வளவில் இருபத்திரண்டு வருடம் மண்வெட்டி பிடித்த அருளம்பலத்தார் ஒருநாள்கூட அதில் இருந்ததில்லை. களைத்தால் கிணற்றுக்கட்டில் இருப்பார், அதுவும் முதலாளி இல்லாத நேரமாய்ப் பார்த்து. பூரணியோ, சுனாமி வந்துபோன அடுத்த ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே போய் அந்தக் கதிரையில் சாய்ந்திருந்தாள். இருந்ததோடு விட்டாளா என்றால் அதுவும் இல்லை.

"இஞ்சேருங்கோ, அந்தத் தடியை இன்னும் ஒரு முழம் பின்னுக்கு வையுங்கோ. முன்னால நிக்கிறதை மறைக்குது" என்றாள்.

கொளுத்துகிற வெயிலில் தடியும் கையுமாக நின்ற அருளம்பலத்தார் ஒரு முழம் பின்னுக்குப் போய்க் குத்தினார். பூரணிக்குப் பக்கத்தில், நிவாரண வேலைக்கென்று வந்து விடுதியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றாள். தடி சரியான இடத்துக்குப் போனதும் அவள் கைதட்டினாள். தடியைக் குத்தியவருக்கு அந்தக் கைதட்டலில் பங்கில்லை என்பது அவருக்கு உடனே விளங்கியது. அன்று பத்து மணிக்குப் பூரணி கொண்டுவந்து கொடுத்த பால் விடாத பிளேன்ரீயை, சீனி கூடிப்போச்சு என்று சொல்லி அவர் அடிமரத்தில் ஊற்றினார். சீனி அளவாகத்தான் இருந்தது.

அவர் நேற்று முளைத்த தோட்டக்காரர் அல்ல. இளந்தாரியாக இருந்தபோது துறைமுகத்தடியில் பெரிய பங்களாக்களில் வேலை பழகியவர். நூல் பிடித்துக் குரோட்டன் வேலி வெட்டினால் அதன் மேல் தண்ணீர்க் கிளாசை வைக்கலாம். ஒரு கொப்பையோ கிழங்கையோ கையில் எடுத்துவிட்டால், அது எவ்வளவுக்கு வளரும், என்ன நிறத்தில் பூக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் வாய் திறந்து பெருமை பேசுகிற ஆள் இல்லை. கேட்டால் சொல்வார். இருபத்திரண்டு வருடத்தில் பூரணியைத் தவிர வேறு ஒருவரும் கேட்டதில்லை. முதலாளிக்குச் செடி என்றால் பச்சையாய் இருக்கிற ஒன்று, அவ்வளவுதான்.

பூரணி அந்த விடுதிக்கு வந்தது படுக்கை விரிப்புகள் தோய்க்கிற வேலைக்கு. மகள் கட்டைபறிச்சானில் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு வீட்டில் தனியாக இருக்க ஏலாமல் வந்தாள். எட்டு வருடம் கிணற்றடியும் கொடிக்கயிறுமாக இருந்தாள். இரண்டு பேரும் காலையில் ஒன்றாகச் சைக்கிளில் வருவார்கள், பின்னேரம் ஒன்றாகப் போவார்கள். அவளுடைய சவர்க்காரத் தண்ணீர் தன் செடிகளுக்குப் போகக்கூடாது என்று அவர் ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுத்திருந்தார். அதற்கு மேல் இரண்டு பேர் வேலைக்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லை.

அப்படி இருந்த இடத்தில்தான் கடல் வந்தது. வந்து, அவருடைய குரோட்டன் வேலியையும் புல்தரையையும் றோசாச் செடிகளையும் ஒரு காலை நேரத்துக்குள் தின்றுவிட்டுப் போனது. மண் முழுக்க உப்பு. கிணறு இறைத்து இறைத்துப் பார்த்தும் தண்ணீர் கரித்தது. அருளம்பலத்தார் மூன்று முறை குரோட்டன் வைத்தார். மூன்று முறையும் இலை சுருண்டு, எரிந்ததுபோலக் கருகிவிட்டது. மூன்றாம் முறை முதலாளி நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பூரணி கொடியில் விரிப்புகளைப் போடும்போது வேறொன்றைப் பார்த்திருந்தாள். கடல் கொன்றுபோட்ட வளவில் சிலது தானாகத் துளிர்த்திருந்தன. மூலையில் முறிந்து கிடந்த அலரி துளிர்த்தது. கடதாசிப்பூ துளிர்த்தது. கிணற்றடிச் செவ்வரத்தை, நந்தியாவட்டை, கேட்பாரில்லாமல் குப்பையில் நின்ற நித்தியகல்யாணி எல்லாம் தலை காட்டின. அவள் முதலாளியிடமே போய்ச் சொன்னாள். கடலாலும் கொல்ல ஏலாததுகளையே வைப்போம், ஒருமுறை வைத்தால் வருசக்கணக்காய் நிற்கும், வருசா வருசம் பிடுங்கி நடத் தேவையில்லை என்றாள். ஆனால் வேலிமாதிரி ஒரே வரிசையில் வேண்டாம், பள்ளிக்கூடத்தில் படம் எடுக்க நிறுத்துகிற மாதிரிக் கட்டையள் முன்னுக்கும் நெட்டையள் பின்னுக்குமாய் அடுக்கி வைத்தால் இருந்து பார்க்கிற ஆளுக்கு எல்லா முகமும் தெரியும் என்றும் சொன்னாள்.

அருளம்பலத்தார் இதை முதலில் கேட்டது முதலாளியின் வாயால். வீட்டில், ஒரே பாயில் படுக்கிறவள், தன்னிடம் சொல்லாமல் அங்கே போய்ச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவருக்கு நெஞ்சுக்குள் ஒரு முள் ஏறியது. கேட்டதற்கு, சொன்னால் நீங்கள் சிரிப்பீங்கள் எண்டு நினைச்சன் என்றாள் பூரணி. அவர் சிரித்திருக்கத்தான் செய்வார். அது வேறு விசயம்.

அவள் வேலை செய்த விதமும் அவருக்குப் பிடிக்கவில்லை. செடி வைப்பதற்கு முன் தடி வைத்தாள். ஒவ்வொரு செடியையும் காட்டி, இது எவ்வளவுக்கு வளரும் என்று அவரைக் கேட்பாள். அவர் உடம்பால் சொல்வார். நித்தியகல்யாணி முழங்காலுக்குக் கீழே. எக்சோரா இடுப்புக்கு. செவ்வரத்தை வெட்டி வெட்டி வந்தால் நெஞ்சுக்கு. மயில்கொன்றை தலைக்கு மேல். அலரி அதற்கும் மேல். அவள் அந்த உயரத்துக்கு ஒரு தடியை முறித்து, நுனியில் கிழிந்த விரிப்புத் துணியைக் கட்டி, செடி வரப்போகிற இடத்தில் குத்துவாள். பிறகு விறாந்தைக்குப் போய்க் கதிரையில் இருந்து பார்ப்பாள். விருந்தாளி நின்று பார்க்கிறதில்லை, இருந்துதானே பார்க்கிறது என்பது அவள் நியாயம். வளவு முழுக்க வெள்ளைத் துணி கட்டின தடிகள் நாற்பது ஐம்பது நின்றபோது, வீதியால் போனவர்கள் என்னவோ செத்தவீட்டுக்குச் சோடித்திருக்கிறது என்று நினைத்தார்கள். வெள்ளைக்காரப் பெண் அதைப் படம் எடுத்தாள். படத்தில் பூரணி மட்டும் நின்றாள்.

புரட்டாசிக் கடைசியில் முதல் மழை விழுந்ததும் தடிகளைப் பிடுங்கிச் செடிகளை வைத்தார்கள். குழி வெட்டியது அவர், சாணி கலந்தது அவர், தண்ணீர் ஊற்றியது அவர். வைத்ததில் ஒன்றும் சாகவில்லை. ஐப்பசி பாதியில் கடற்பக்கத்துப் பாத்தியில் நாலு அடுக்கும் வேர் பிடித்துத் துளிர்த்திருந்தது. பக்கத்து விடுதிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். கிண்ணியாவிலிருந்து முதலாளியின் மச்சான் வந்து பார்த்தார். எல்லாருக்கும் அது பூரணியின் தோட்டம்.

அருளம்பலத்தாருக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை, அவருக்கே அது தெரியும். உயரம் யார் சொன்னது? முழங்கால் என்றும் இடுப்பு என்றும் சொன்ன வாய் யாருடையது? அவர் சொன்ன உயரத்தில் அவள் துணியைக் கட்டிப் பேர் வாங்கிவிட்டாள். வேறு ஒரு ஆள் வந்து தன்னைவிடக் கெட்டிக்காரனாய் இருந்திருந்தால் அவர் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு விட்டிருப்பார். இது விரிப்புத் தோய்த்த மனைவி. இரவு சூடை மீன் குழம்பும் மரவள்ளிக்கிழங்கும் வைத்துப் பரிமாறிவிட்டு, எதிரில் இருந்து, அந்த எக்சோராவுக்குப் பின்னால என்ன வைக்கலாம் என்று கேட்கிற மனைவி. அவர் ஓம், இல்லை என்று இரண்டு சொல்லில் பதில் சொல்லிவிட்டு மீன் முள்ளைத் துப்புவார்.

மிச்சமிருந்தது வீதிப் பக்கத்துப் பாத்தி. அந்தப் பக்கத்து மதிலைக் கடல் தள்ளிவிட்டிருந்தது. திருப்பிக் கட்ட, எதிரே சென்றி என்கிற காவலரணில் நின்ற படைக்காரர் விடவில்லை. முள்ளுக்கம்பி மட்டும் அடிக்கலாம், கம்பிக்கு உள்ளே முழங்காலுக்கு மேல் ஒன்றும் வளரக்கூடாது, தங்களுக்கு விடுதியின் கதவுவரை தெரியவேண்டும் என்றார்கள். முதலாளி நெஞ்சில் கைவைத்து ஒத்துக்கொண்டு வந்தார். பூரணி யோசித்து அதற்குக் கட்டை மணிவாழை என்று முடிவெடுத்தாள். வாழைபோல இலை விட்டு, மஞ்சளாய்ப் பூத்து, முழங்காலோடு நிற்கிற இனம். அதிலேயே நெட்டை இனம் ஒன்றும் இருக்கிறது, சிவப்பாய்ப் பூத்து ஆள் உயரத்துக்குப் போகும். அது கிணற்றடியில் செவ்வரத்தைக்குப் பின்னால் நிற்கட்டும் என்றாள்.

இரண்டு இனமும் குறிஞ்சாக்கேணியில், முதலாளிக்குச் சொந்தக்காரியான றுக்கியா உம்மாவின் ஈரவளவில் கிடந்தன. அவர் இலையெல்லாம் வெட்டிக் கழித்து, வெறும் கிழங்காக இரண்டு உரப்பையில் போட்டு, நெட்டைப் பைக்கு மட்டும் சிவப்புத் துணி கட்டி அனுப்பியிருந்தார். தெரியாத ஆளுக்கு இரண்டு கிழங்கும் ஒன்றுதான். தெரிந்த ஆளுக்கு நெட்டையில் கணு விலகி நிற்கும், கட்டையில் கணு நெருங்கி விரல்மொழிபோல இருக்கும். பூரணிக்கு இது தெரியாது. துணியைத்தான் தெரியும்.

பைகள் வந்து இறங்கிய அன்று பின்னேரம் முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டார். வருகிற மாதத்திலிருந்து தோட்டத்தைப் பூரணி பொறுப்பாய்ப் பார்க்கட்டும், அருளம்பலம் அவவுக்கு உதவியாய் நிற்கட்டும் என்றார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். புருசன் பெண்சாதிக்குள்ள என்ன பெரிசு சின்னது என்றும் சேர்த்துச் சொன்னார். பூரணி தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று அருளம்பலத்தார் முழுசாய் ஒரு நிமிடம் காத்து நின்றார்.

மறுநாள் காலை அவள் விரிப்புகளை அலசிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் சிவப்புத் துணியை ஒரு பையிலிருந்து அவிழ்த்து மற்றதில் கட்டினார். அரை நிமிட வேலை. பிறகு போய்க் குழி வெட்டினார். பூரணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, துணியில்லாத பையைத் திறந்து, ஒரு கிழங்கை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இது தானே முழங்காலோட நிக்கிறது? ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. சென்றிக்காரன்ர பக்கம், பிழைக்கப்படாது."

அவர் வாங்கிப் பார்த்தார். கணு விலகின நல்ல நெட்டைக் கிழங்கு. "ஓம்" என்றார்.

அவள் குனிந்து வைக்கத் தொடங்கினாள். நாற்பத்தெட்டுக் கிழங்கு. அத்தனையையும் தன் கையால் வைத்தாள்.

அவர் என்ன நினைத்தார் என்றால், தை மாதம் கம்பியோரத்தில் நெட்டையள் எழும்பி நின்று முழு வளவையும் மறைக்கும். முதலாளி வந்து பார்த்துச் சிரிப்பார். பூரணி முழிப்பாள். அப்போது எல்லாரும் அருளம்பலத்தாரைத் தேடி வருவார்கள், அவரும் மண்வெட்டியை எடுத்துப்போய் ஒரு நாளில் சரிப்படுத்திக் கொடுப்பார். அவ்வளவுதான். அவளுக்கு ஒரு சின்ன மூக்குடைவு. சென்றியை அவர் நினைக்கவில்லையா என்றால், நினைத்தார். ஆனால் அந்த நாட்களில் அங்கே நின்றவர்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள வருவார்கள், சாமிக்கு வைக்க நந்தியாவட்டைப் பூக் கேட்டு வாங்கிப் போவார்கள். சமாதானம் என்றொரு சொல் அப்போது இன்னும் புழங்கிக்கொண்டிருந்தது.

மாரி அந்த வருடம் பொய்க்கவில்லை. கார்த்திகையில் மணிவாழை முழங்காலைத் தொட்டது. மார்கழி பிறக்கும் முன் இடுப்புக்கு வந்தது. பூரணி ஒரு தடியை முழங்கால் உயரத்துக்கு முறித்துத் துணி கட்டிப் பக்கத்தில் குத்திப் பார்த்தாள். துணி இலைக்குள் மறைந்துபோனது. வீட்டுக்கு வந்து, முழங்காலோட நிக்கும் எண்டு சொன்னீங்களே என்று கேட்டாள். மாரித் தண்ணியில எல்லாம் கொஞ்சம் எழும்பும், பூத்தால் நிண்டுபோகும் என்றார் அவர். வெட்டிவிடட்டுமா என்று கேட்டாள். பூக்கிற நேரத்தில வெட்டினால் கிழங்கு அழுகிப்போம் என்றார். அவள் நம்பினாள். செடி விசயத்தில் அவர் சொல்லி அவள் நம்பாதது என்று ஒன்றுமே கிடையாது. அது அவருக்கு இனித்தது, கொஞ்சம் உறுத்தவும் செய்தது. இனித்ததுதான் அதிகம்.

அந்த மார்கழியோடு நாடு திரும்பவும் கெடத் தொடங்கியது. வீதிகளில் கண்ணிவெடி வெடித்தது. ஆட்கள் காணாமல் போனார்கள். வெள்ளைக்காரப் பெண் சாமான்களைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டாள். விடுதியில் தோய்க்க விரிப்பு இல்லை. சென்றியில் நின்ற பழைய ஆட்கள் மாறிப் புதியவர்கள் வந்தார்கள், அவர்கள் தண்ணீருக்கு வரவில்லை. அருளம்பலத்தாருக்கு அப்போதுதான் பயம் வந்தது. ஒரு காலை, பூரணி வருவதற்கு முன் வெட்டி முடித்துவிடலாம் என்று கத்தியோடு கம்பியடிக்குப் போனார். எதிரே துவக்கை நிமிர்த்திக்கொண்டு ஒருவன் கத்தினான். கம்பியிலிருந்து பத்தடிக்குள் கத்தியோடு ஒருவரும் வரக்கூடாதாம். அவர் கைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். மணிவாழை தன்பாட்டில் நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்து சிவப்பாய்ப் பூத்தது.

தை நடுவில் ஒரு காலை, நிலாவெளிப் பக்கம் ஒரு வெடி கேட்டது. ஒன்பது மணிக்கு ஒரு ஜீப்பும் பத்துப் பன்னிரண்டு பேரும் விடுதிக்குள் வந்தார்கள். முன்னால் வந்த அதிகாரி நடுத்தர வயதுக்காரர், கொஞ்சம் தொந்தி, கோபம் முகத்தில் இல்லை. முதலாளிக்குச் சிங்களம் தெரியும், அவர்தான் இங்கும் அங்கும் சொன்னார். அதிகாரி மணிவாழைக்குப் பின்னால் போய்க் குந்தினார். தொப்பிகூடத் தெரியவில்லை. எழும்பி வந்து, இதற்குப் பின்னால் நாலு பேர் இருந்தால் என்னுடைய ஆட்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். பிறகு, யார் வைத்தது என்று கேட்டார்.

முதலாளி பூரணியைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

"நான்தான் வச்சனான்" என்றாள் பூரணி.

வந்து பார்த்த எல்லாருக்கும் சொன்ன அதே குரலில்தான் சொன்னாள். அந்த நேரத்திலும், துவக்குகளுக்கு முன்னால், அந்த 'நான்தான்' அருளம்பலத்தாரைச் சுருக்கென்று குத்தியது. தன்னைப்பற்றி அவர் பிறகு எத்தனையோ நாள் வெட்கப்பட்டது அதற்காகத்தான்.

அதிகாரி வளவைச் சுற்றி நடந்தார். கிணற்றடியில் நின்றார். செவ்வரத்தைக்குப் பின்னால், வெயில் படாத இடத்தில், கட்டை மணிவாழை முழங்கால் உயரத்தில் மஞ்சளாய்ப் பூத்து ஒளிந்து நின்றது. கட்டையைப் பின்னால் ஒளித்து, நெட்டையை எங்களுடைய கண்ணுக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள், இது தானாக மாறாது என்றார். அவர் வயல் செய்கிற கமக்காரக் குடும்பமாம், தாயின் வளவில் இந்த மணிவாழை இரண்டு இனமும் நிற்கிறதாம், கிழங்கைப் பார்த்தாலும் தெரியுமாம். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு இந்தப் பெண் ஏறட்டும், முகாமில் விசாரிக்க வேண்டும் என்றார். முதலாளி இதைத் தமிழில் சொன்னார். முகாமுக்குப் போனவர்களில் யார் யார் திரும்பி வந்தார்கள், எப்படித் திரும்பி வந்தார்கள் என்பது உப்புவெளியில் எல்லாருக்கும் தெரியும். பூரணி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அட்டையை எடுக்கத் திரும்பினாள்.

அருளம்பலத்தார் முன்னால் வந்தார்.

"முதலாளி, சேரிட்டச் சொல்லுங்கோ. அவ கையால வச்சவ, அவ்வளவுதான். எந்தப் பையை எங்க வைக்கிறது எண்டு காட்டினது நான். எனக்கு உந்த நெட்டை கட்டை தெரியாது. கிழங்கு எல்லாம் ஒரே மாதிரித்தானே இருக்குது. நான்தான் பிழையாக் காட்டிப்போட்டன்."

மாற்றினேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அவரை ஏற்றுவார்கள், ஏற்றினால் அவளையும் விடமாட்டார்கள். தெரியாது என்பதுதான் ஒரே வழி. அதிகாரி, எத்தனை வருடத் தோட்டக்காரன் என்று கேட்டார். இருபத்திரண்டு என்றார் முதலாளி. அதிகாரி ஒரு ஆளை அனுப்பி இரண்டு பக்கமும் கிழங்கு கிண்டுவித்தார். தண்டை வெட்டி எறிந்து, மண்ணைத் தட்டி, நாலு கிழங்கை ஒன்றாகப் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்து அருளம்பலத்தாரின் கையில் வைத்தார். முற்றத்தில் நின்ற எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கணு நெருங்கின கட்டைக் கிழங்கு. விரலுக்கு அது தெரிந்துவிட்டது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நெட்டை போல கிடக்கு" என்றார்.

இரண்டாவது நெட்டை. அதைக் கட்டை என்றார். ஒருவன் சிரித்தான். மூன்றாவதை வாங்கும்போது அவர் ஒன்றை யோசித்தார். தெரியாதவன் எல்லாவற்றையும் பிழையாகச் சொல்லமாட்டான், ஒன்றாவது தவறிச் சரியாய் விழும். இது கட்டை. கட்டை என்றே சொன்னார், சொல்லிவிட்டு, இல்லை நெட்டையோ என்று இழுத்தார். நாலாவதை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, தெரியாது சேர் என்று திருப்பிக் கொடுத்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல்தடவையாகப் பூரணி அல்லாத ஒருவர் அவரிடம் செடியைப்பற்றிக் கேள்வி கேட்டார், அவர் தெரியாது என்று சொன்னார்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். சிங்களத்தில் என்னவோ சொல்ல, நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி அதை மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்கத் தேவையும் இருக்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் அத்தனையும் கிழங்கோடு வெளியே வரவேண்டும், இனிமேல் அந்தப் பக்கம் புல்லைத் தவிர ஒன்றும் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பூரணியை ஏற்றவில்லை.

ஜீப் போன பிறகுதான் முதலாளிக்குக் கோபம் வந்தது. பயந்த மனிதருக்கு வருகிற கோபம்.

"எத்தின வருசமா ஒங்கள நம்பி இந்த வளவ உட்டிருந்தன் அருளம்பலம். குரோட்டன மூணு தரம் சாகக் குடுத்தப்பவே எனக்கு வெளங்கியிருக்கணும். இண்டைக்கு இந்தப் புள்ளையப் புடிச்சிட்டுப் போயிருந்தா நான் ஆருக்கு என்ன பதில் செல்ற? மறுகா ஒரு கொப்பு நடுறதெண்டாலும் பூரணிக்கிட்டக் காட்டாம நட வேணாம்."

"ஓம்" என்றார் அருளம்பலத்தார்.

இரண்டு பேரும் கம்பியடிக்குப் போனார்கள். எதிரே துவக்கோடு ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் ஏறியிருந்தது. அவர் அலவாங்கால் நெம்பிக் கொடுக்க, பூரணி பிடித்து இழுத்தாள். நல்ல மழை குடித்த கிழங்கு, ஒன்று பத்தாய்ப் பெருகி, மண்ணை விட மனமில்லாமல் வந்தது. பத்துப் பதினைந்து மூடு வெளியே வந்தது. அவர் இரண்டு தரம் பக்கவாட்டில் பார்த்தார். அவள் முகத்தில் வேர்வையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"எல்லாரும் நம்பிட்டினம்" என்றாள் பிறகு, கிழங்கில் மண்ணைத் தட்டிக்கொண்டே. "முதலாளியும் நம்பிட்டார். அந்தப் பெரியவனும் நம்பிட்டான்."

அவர் அலவாங்கை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எனக்கு நம்ப ஏலாமக் கிடக்கு. உங்களுக்குக் கிழங்கு தெரியாதெண்டு ஆர் சொன்னாலும் நம்பமாட்டன். நீங்கள் சொன்னாலும் நம்பமாட்டன். அண்டைக்கு உங்கட கையில தந்துதானே கேட்டனான்." அவள் அடுத்த மூட்டைப் பிடித்தாள். "நம்ப ஏலுமெண்டால் நல்லாயிருக்கும்."

எரிச்சலில் செய்தேன் என்று அவர் சொல்லலாம், அந்த ஒரு சொல் போதும், அவளுக்கு விளங்கும். அவர் அலவாங்கில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்தார். இன்னொன்றும் இருந்தது, அதை அவர் ஒருவருக்கும் சொல்லமாட்டார். உலகம் முழுக்க அவரை ஒன்றும் தெரியாதவன் என்று சிரித்துவிட்டுப் போன இந்தக் காலையில், அவருக்குத் தெரியும் என்று நம்புகிற ஒரே ஆள் அவள்தான் என்பதில் அவருக்கு ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. எதனால் நம்புகிறாள், நம்பி என்ன கண்டுபிடித்துவிட்டாள் என்பதை நினைத்ததும் அந்தச் சந்தோசம் இல்லாமல் போனது.

"பூரணி" என்றார்.

"நேரம் போகுது. நெம்புங்கோ" என்றாள்.

கடைசி மூடும் வந்து, தண்டுகளை முறித்தெறிந்து, கிழங்குகளை ஒரு குவியலாய்ப் போட்டபோது முதலாளி விறாந்தையிலிருந்து இறங்கி வந்தார். கோபம் கொஞ்சம் ஆறியிருந்தது. எல்லாவற்றையும் எரித்துவிடுவோமா என்று பூரணியைக் கேட்டார். வேண்டாம், கட்டையைப் பிரித்தெடுத்துக் கடற்பக்கம் முன்வரிசையில் வைக்கலாம் என்றாள் அவள். படைக்காரன் கிணற்றடியில் கிண்டிப்போட்ட கிழங்குகளும் அந்தக் குவியலுக்குள் கலந்துபோய்க் கிடந்தன. அவள் குனிந்து ஒன்றை எடுத்தாள். முதலாளி பார்த்துக்கொண்டு நிற்க, அதை அருளம்பலத்தாரின் பக்கம் நீட்டினாள்.

"இது நெட்டையோ கட்டையோ?"

அவர் கிழங்கைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியாது. நீயே சொல்லு" என்றார்.

"கட்டை" என்றாள் பூரணி. "கணு நெருக்கமாக் கிடக்கு."

சரியாகத்தான் சொன்னாள். அதை அவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அவர் ஒவ்வொன்றாய் வாங்கிப் பிழையாய்ச் சொல்லிக்கொண்டு நின்ற அந்த நேரத்துக்குள், பக்கத்தில் நின்று, அவருடைய விரல் கணுவில் போய் நின்றதைப் பார்த்தே அவள் படித்துவிட்டிருந்தாள். முதலாளி தலையை ஆட்டிக்கொண்டார். பூரணி குவியலுக்குப் பக்கத்தில் குந்தி, கட்டையை வலப்பக்கமும் நெட்டையை இடப்பக்கமுமாகப் பிரிக்கத் தொடங்கினாள். ஒன்றும் பிழைக்கவில்லை. அருளம்பலத்தார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் சொல்கிற பக்கம் தூக்கிப்போட, வெற்றுப்பை இரண்டையும் எடுத்து விரித்துப் பிடித்தார்.